கோயில் இல்லாதவளின் தண்ணீர்

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழும்பினேன். பால் விடாத தேநீர், இரண்டு துண்டு பாண், ஒரு வாழைப்பழம். 5.41 ட்ராம். இலையுதிர்காலச் சந்தை நடக்கும் கிழமை என்பதால் சதுக்கத்து இராட்டினங்கள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. முதல் நாள் வறுத்த பாதாமின் மணம் ஈரக் கல்லில் இன்னும் இருந்தது. 6.10க்கு நூதனசாலையின் பின்கதவைத் திறந்தேன். திங்களில் பார்வையாளர் இல்லை. எகிப்து மண்டபம், நான்காம் கண்ணாடிப் பெட்டி: வெப்பம் 20.5, ஈரப்பதம் 44. வெப்பமூட்டி ஓடத் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்ததால் காற்று காய்ந்திருந்தது. பெட்டியின் அடியிலுள்ள இழுப்பறையைத் திறந்து, தட்டில் வடித்த நீர் இருநூறு மில்லிலீற்றர் ஊற்றினேன். நீலக் கோடு போட்ட அதே கண்ணாடிக் குவளை. அதன் விளிம்பில், ஊற்றும் மூக்குக்குப் பக்கத்தில், நெல்மணி அளவு ஓர் உடைவு உண்டு. பதிவுத்தாளில் நேரம் எழுதி, அளவு எழுதி, ‘ஊற்றியவர்’ என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளை இட்டேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன். 6.32.

மாலை 5.20க்கு, ரைன் ஆற்றின் மறுகரையிலுள்ள தமிழ்க் கடையில் அரிசிமா வாங்க இறங்கினேன். கடைக் கதவின் கண்ணாடியில் வழக்கம்போல மரண அறிவித்தல்கள் மூன்று ஒட்டியிருந்தன. நடுவில் இருந்தது அக்காவின் படம். வதிவிடப் பெர்மிட்டுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சிரிக்கக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டுப் பிடித்ததுபோல இருந்தது. ஷாஃப்ஹவுசனில் காலமானார், வயது அறுபத்தொன்று. தகனம் சென்ற வியாழக்கிழமையே முடிந்திருந்தது. காலையில் நான் அந்தக் குவளையைக் கழுவியபோது அவர் போய் எட்டு நாளாகியிருந்தது.

அக்கா எனக்கு உறவில்லை. 2017 ஒக்ரோபரில், துப்புரவு நிறுவனம் ஒன்று திங்கட்கிழமைகளில் எங்கள் நூதனசாலைக்கு அனுப்பிய பெண்களில் ஒருவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சுவிஸில் தமிழர் செய்யும் புட்ஸ் வேலைகளைப் பற்றி, அதாவது துடைப்பும் பக்கெட்டுமான வேலைகளைப் பற்றி, எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நானும் 1990இல் வந்து, லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் பல வருடம் தட்டுக் கழுவியவன்தான். பிறகுதான் பாசலுக்கு வந்து, நூதனசாலைத் தொழில்நுட்பப் பகுதியில் உதவியாளனாகச் சேர்ந்தேன். பெட்டிகளின் வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்து எழுதுவது என் வேலையில் பாதி. மற்றப் பாதி மின்குமிழ்கள், பூட்டுகள், திறப்புகள். வீட்டில் நான் மட்டும். மனைவி பிரிந்து போய்ப் பல வருடம். லுசேர்ணில் இருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதிவருகிறேன். என்ன நேரம் எழும்பினேன், என்ன சாப்பிட்டேன், யாருடன் கதைத்தேன். கடைசிக் கேள்விக்கு எதிரே பல நாட்களில் ஒரு கோடுதான் இருக்கும்.

அக்கா முதல் நாளே எகிப்து மண்டபத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டியலில் கிரேக்க மண்டபத்தைத்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள். ஏன் மாற்றினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான்காம் பெட்டிக்கு முன்னால் துடைப்பைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் நின்றார். அதில் இருப்பது வர்ணம் தீட்டிய ஒரு மரச் சவப்பெட்டி. உள்ளே, துணி சுற்றியபடி, ஒரு பெண்.

“உவ எவ்வளவு காலமா இஞ்சை இருக்கிறா?” என்று என்னைப் பார்க்காமலே கேட்டார். நான் தமிழன் என்பதைக் கதவடியிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

“நூறு வருசத்துக்கு மேலை.”

“அப்ப சி பெர்மிட் கிடைச்சிருக்கும்.” முகத்தில் சிரிப்பே இல்லை. “எனக்குப் பதினாலு வருசம் எடுத்தது. உவவை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டினம். வாயைத் திறக்காமல் கிடந்திருந்தா எனக்கும் கெதியாக் கிடைச்சிருக்கும் போலை.”

அன்றைய பக்கத்தில் இதை அப்படியே எழுதியிருக்கிறேன். அந்த மண்டபத்தில் பதினைந்து வருடமாக வேலை செய்து, அங்கே நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை என்றும் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 6, குளிர்காலத்தின் முதல் தண்ணீர் வைக்கும் நாள். நான் இழுப்பறைக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றார்.

“என்ன செய்யிறியள்?”

“தண்ணி வைக்கிறன்.”

“ஆருக்கு?”

“மரத்துக்கு” என்றேன். காற்று காய்ந்தால் மரம் சுருங்கும், மேலே உள்ள வர்ணம் செதில் செதிலாக உதிரும், அதனால் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு திங்களும் தட்டில் இவ்வளவு நீர் வைப்போம், அது மெதுவாக ஆவியாகிப் பெட்டிக்குள் போகும் என்று விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஓம், மரத்துக்கு” என்றார். “செத்த வீட்டிலை வைக்கிற மாதிரித்தான் கிடக்கு.”

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை வீட்டில் ஒரு விளக்கும் ஒரு செம்பு தண்ணீரும் வைப்பார்கள். இருபத்தேழு வருடமாக இங்கே இருந்தும், பதினைந்து வருடமாகத் தண்ணீர் ஊற்றியும், இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. பிறகு அக்கா, “நான் ஊத்தட்டோ?” என்று கேட்டார்.

விதி தெளிவானது. திறப்பு வைத்திருப்பவர் மட்டுமே இழுப்பறையைத் தொடலாம். ஏன் சம்மதித்தேன் என்று நாட்குறிப்பில் காரணம் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தக் கட்டிடத்தில் என் மொழியில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் குவளையை நீட்டினேன். அவர் கையுறையைக் கழற்றி, கையை உடுப்பில் துடைத்து, வாங்கி, ஒரு துளி வெளியே சிந்தாமல் ஊற்றினார். பதிவுத்தாளில் என் முதலெழுத்துகளை இட்டேன். வேறு யாருடையதை இடுவது?

மூன்றாவது திங்களில், சவப்பெட்டியில் வரைந்திருந்த ஒரு தெய்வத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். சில வருடங்களுக்கு முன்பு, மரப்பொருட்களைப் பராமரிக்கும் எங்கள் நிபுணர், எல்லோரும் டொக்டர் என்று அழைக்கும் பாசல்காரப் பெண்மணி, அந்தச் சவப்பெட்டியின் வர்ணத்தைச் சோதித்தபோது ரோச் லைட் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கால்மாட்டில், பெருவிரல் அளவு உயரத்தில், ஓர் உருவம் இருந்தது. பெண்ணுடல், பாம்புத் தலை, கையில் சாய்த்த குடம். டொக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, கெபெஹுட்டாக இருக்கலாம் என்றார். குளிர்ந்த நீருக்குரியவள். பிணத்தைப் பதப்படுத்தும் நரித்தலைத் தெய்வத்தின் மகள். தகப்பன் தன் வேலையை முடிக்க நாளெடுக்கும். அதுவரை இறந்தவர் காத்துக்கிடக்க வேண்டும். காத்துக்கிடப்பவருக்குத் தாகம் எடுக்கும். அப்போது குடத்தோடு வந்து தண்ணீர் கொடுப்பது மட்டுமே இவளுடைய வேலை. மிகப் பழைய அரசர்களின் கல்லறைச் சுவர்களில் இவள் பெயர் இருக்கிறதாம். ஆனால் இவளுக்கென்று ஒரு கோயில் இருந்ததாகத் தெரியவில்லை என்றார் டொக்டர். எகிப்தைப் பற்றி எழுதுகிறவர்களும் இவளை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அந்தப் பெட்டியின் விளக்கப் பலகையிலும் இவள் பெயர் இருக்கவில்லை, உறுதி இல்லாததால்.

அக்கா கண்ணாடிக்குக் கிட்டப் போய், குனிந்து, மூச்சுப் படாமல் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“கோயில் இல்லாத சாமியோ? பாவம்.”

“ஓம்.”

“இல்லாததும் நல்லதுதான். எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சா ஒரு நிர்வாகசபை போட்டு, அடுத்த வருசம் ரெண்டாப் பிரிஞ்சு, ஆரின்ரை குடம் பெரிசெண்டு வழக்குப் போட்டிருப்பினம்.”

குவளையின் விளிம்பு உடைந்ததும் அன்றுதான். ஊற்றி முடித்து அக்கா கழுவும்போது குழாயில் பட்டுவிட்டது. நான் உடைவைத் தடவிப் பார்த்தேன். “அவ கடிச்சுப்போட்டா எண்டு எழுதுங்கோ” என்றார்.

ஐந்தாம் திங்கள், டிசம்பர் 4. வெளியே பனி கொட்டியது. ட்ராம் பிந்தியதால் அக்கா 6.25க்குத்தான் வந்தார். தலையில் பனியோடு நேரே நான்காம் பெட்டிக்கு வந்து, ஊற்றிவிட்டு, எழும்பாமல் தரையிலேயே இருந்துகொண்டார். அப்படியே சொல்லத் தொடங்கினார். அவருக்குத் தம்பி ஒருவன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், இருபத்திரண்டு வயதில், ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் கொழும்பிலிருந்து புறப்பட்டான். முதலில் கெய்ரோ. பிறகு கடற்கரை நகரமொன்றில் ஒரு வீடு, நாற்பது பேர், இரண்டு மாதக் காத்திருப்பு. அக்கா அப்போது இங்கே அகதி முகாமில். முகாம் நடையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ரெலிபோன். அதில்தான் கடைசி அழைப்பு வந்தது. நாளைக்குக் கப்பல் என்றானாம். இத்தாலியில் இறங்கியதும் எடுப்பேன் என்றானாம். “அக்கா, இஞ்சத்தைத் தண்ணி உவர். ஒரு இளநி குடிக்கோணும் போலை கிடக்கு” என்றானாம். அவ்வளவுதான்.

“கப்பல் கடலுக்குள்ளை தாண்டதோ தெரியாது. அவன் ஏறினவனோ தெரியாது. ஏறாமல் அங்கையே நிண்டு ஆரையும் கலியாணம் கட்டி, என்னை மறந்துபோட்டானோ, அதுவும் தெரியாது. அப்பிடியெண்டா வந்தோடனை காதைப் பிடிச்சு முறுக்குவன்.”

“இது அவருக்காகத்தான் ஊத்திறியளோ?” என்று கேட்டுவிட்டேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. “என்ன கதை கதைக்கிறியள்? அவனுக்குத் தண்ணி வைச்சா நானே அவனைச் சாக்காட்டினதாப் போகும். அம்மா கண் மூடுமட்டும் அந்தியேட்டி செய்ய விடேல்லை. நானும் விடன். இது உவவுக்கு.” கண்ணாடிக்குள் கிடந்தவளைத் தாடையால் காட்டினார். “உவ அந்த ஊர்க்காரி. இஞ்சை ஒருத்தரும் இல்லாமல் கிடக்கிறா. நான் உவவுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தா, அங்கை ஆரும் அவனுக்கு ஒரு வாய் குடுப்பினம். உயிரோடை இருந்தாலும் தண்ணி வேணும், இல்லாட்டிலும் வேணும். நான் எதெண்டு கேக்கேல்லை. குடுக்கச் சொல்லிறன், அவ்வளவுதான்.”

அவர் ஏன் எகிப்து மண்டபத்தைக் கேட்டு வாங்கினார் என்பதும், என்னை ஏன் ஒருபோதும் தம்பி என்று அழைக்கவில்லை என்பதும் அன்று விளங்கின. என்னை அவர் ‘இஞ்சை பாருங்கோ’ என்பார், அல்லது, நான் நாட்குறிப்பு எழுதுவதைச் சொன்ன பிறகு, ‘டயறிக்காரர்’ என்பார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சொல் ஒரு வழியில் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது.

நத்தாரும் புதுவருடமும் விழுந்த இரண்டு திங்கள் போக, ஜனவரி 29 வரை பதினொரு திங்கட்கிழமைகள். ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் மூன்று மணித்தியாலமும் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்து நாட்குறிப்பில் திங்கட்கிழமைகள் மட்டும் அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருக்கின்றன.

“இதையும் எழுதுவியளோ?” என்று ஒருநாள் கேட்டார்.

“ஓம்.”

“நான் தும்மினதையும்?”

“நேரத்தோடை.”

“ஆர் வாசிக்கப் போகினம்?”

“ஒருத்தரும் இல்லை.”

“ஒருத்தரும் வாசியாட்டி, பிறகேன் பொய் இல்லாமல் எழுதிறியள்?”

பழக்கம் என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுத் துடைப்பைத் தூக்கினார்.

பெப்ரவரி 5. இழுப்பறையைத் திறந்து வைத்துக் குவளையை நிரப்பிக் கொடுத்த நேரம், கீழே பட்டறையில் ரெலிபோன் அடித்தது. எச்சரிக்கை மணிகளைப் பார்க்கும் நிறுவனத்தின் அழைப்பு. நான்கு நிமிடம் கதைத்துவிட்டு வந்தேன். இழுப்பறை மூடியிருந்தது. அக்கா அடுத்த பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஊத்தியாச்சு” என்றார். பூட்டினேன். முதலெழுத்துகளை இட்டேன்.

பெப்ரவரி 12, காலை 6.20. மண்டபத்துக்குள் போகும்போதே ஏதோ தெரிந்தது. இழுப்பறையை இழுத்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. புளித்த கள். சுவிஸில் அத்தனை வருடத்தில் நான் மோந்திராத மணம், ஆனால் ஒரு நொடியும் சந்தேகம் இல்லை. தட்டில் வெள்ளையாக ஓர் ஆடை, அதன்மேல் சாம்பல்பச்சைப் பூஞ்சணம். ரோச் அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள்ளும் ஏறியிருந்தது. சவப்பெட்டியின் கால்மாட்டில், மரத்தின் மேல், தூள் தூவியதுபோல மூன்று இடங்களில்.

அக்கா வந்து பார்த்ததும், நான் கேட்குமுன்பே சொன்னார்.

“அண்டைக்கு அவன்ரை பிறந்தநாள். கடையிலை இளநி வந்திருந்தது. போத்தல்லை விட்டுக்கொண்டு வந்தனான். உங்கட தண்ணியைக் கழுவிற இடத்திலை ஊத்திப்போட்டு, இதை வைச்சன்.”

“அக்கா, இளநி பழுதாகுமெண்டு தெரியாதோ?”

“தெரியும். ஊரெண்டா பின்னேரமே புளிச்சிடும். இது சுவிஸ் குளிர்தானே, கிடக்குமெண்டு நினைச்சன்.”

பெட்டிக்குள் எந்த மாதமும் இருபது பாகை. அதை நான் ஒவ்வொரு திங்களும் அவர் முன்னால் எழுதியிருக்கிறேன், சத்தமாக வாசித்ததில்லை. இப்போது அவர் கண்ணாடியோடு நெற்றி படும்படி குனிந்து, பூஞ்சணம் அந்தச் சிறிய உருவத்தைத் தொட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அரை விரல் தள்ளி நின்றிருந்தது.

டொக்டர் எட்டு மணிக்கு வருவார். அறிக்கை எழுத எனக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. பூஞ்சணத்தை மறைக்க முடியாது. மறைத்தால் மரம் போய்விடும். ஆனால் காரணம் தெரியவில்லை என்று எழுதலாம். தட்டைக் கழுவிவிட்டால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. எழுதுகோலைப் பிடித்தபடி இருந்தேன். துடைப்பில் சாய்ந்து நின்ற அக்கா, “உள்ளதை எழுதுங்கோ” என்றார். “மருந்து சரியாப் போடோணுமெண்டா என்ன ஊத்தினதெண்டு அவைக்குத் தெரியோணும். உவவுக்கு ஒண்டும் வரக்கூடாது.”

உள்ளதை எழுதினேன். பெப்ரவரி 5ஆம் திகதி, இழுப்பறை திறந்திருந்த நான்கு நிமிடங்களில், துப்புரவுப் பணியாளர் ஒருவர் வடித்த நீருக்குப் பதிலாக இளநீர் ஊற்றியுள்ளார். அந்த நாளுக்கு எதிரே நான் இட்டிருந்த முதலெழுத்துகளை, விதிப்படி, வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டு, ‘துப்புரவுப் பணியாளர்’ என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதற்கு முந்திய பதினொரு வரிகளை நான் தொடவில்லை.

பத்து மணிக்கு டொக்டரும், துப்புரவு நிறுவனத்தின் மேலாளரும் சிறிய கூட்ட அறையில் இருந்தார்கள். அக்காவுக்குக் கடைக்கும் கந்தோருக்கும் போதுமான ஜெர்மன் தெரியும். ஆனால் அன்று, “இதை நான் தமிழிலைதான் சொல்லுவன், இவர் மாத்திச் சொல்லட்டும்” என்றுவிட்டார். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

இதற்கு முன்பும் அந்தத் தட்டில் ஏதாவது ஊற்றியிருக்கிறாரா என்று டொக்டர் கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

“இல்லையெண்டு சொல்லுங்கோ. இதுதான் முதல்தரம்.”

ஜெர்மனில், இல்லை என்றேன். இதுதான் முதல்தரம் என்கிறார் என்றேன்.

“உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டும் சொல்லுங்கோ.”

அதையும் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்வதாக, என் வாயால், என்னுடைய மிகத் திருத்தமான ஜெர்மனில். டொக்டர் குறித்துக்கொண்டார். இழுப்பறையைத் திறந்துவைத்துவிட்டுப் போனதற்காக எனக்கு வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை. அக்காவை அன்றே நூதனசாலைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தின் படிகளும் கழிவறைகளும் கொடுப்பதாக மேலாளர் சொன்னார். எகிப்தை எங்கே கொடுக்கப் போகிறார்?

ட்ராம் தரிப்பிடம்வரை கூடப்போனேன். கோட் போடாமல் போயிருந்தேன். நான் ஏதோ தொடங்கினேன். என்ன தொடங்கினேன் என்று நினைவில்லை. அக்கா இடைமறித்தார்.

“உங்களையும் கலைச்சுப்போட்டா ஆர் தண்ணி ஊத்திறது? திங்களிலை மறந்துபோகாதேங்கோ.” ட்ராம் வந்து நின்றது. “குளிருது. உள்ளை போங்கோ, தம்பி.”

அன்றைய பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. கூட்டம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ட்ராமின் இலக்கம். அந்தக் கடைசிச் சொல் இல்லை. என் மொழிபெயர்ப்பும் இல்லை. ‘அக்கா விளக்கம் கொடுத்தார்’ என்று மட்டும் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் அவர் அந்த அலுவலக வேலையையும் விட்டு, ஷாஃப்ஹவுசனில் இருந்த பெறாமகளின், அதாவது தமக்கை மகளின், வீட்டுக்குப் போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார். ரெலிபோன் நம்பர் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு புது வருடமும் அதைப் பழைய நாட்குறிப்பிலிருந்து புதியதற்கு மாற்றி எழுதினேன். ஒரு தடவைகூட எடுக்கவில்லை. 2019 ஜூனில் ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போனேன். வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் வரிசையாக இருந்த அழைப்புமணிகளில் மூன்றாவதற்குப் பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் பெயரை வாசித்தேன். மேலே யாரோ வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அழுத்தவில்லை. ‘ஷாஃப்ஹவுசன். மழை. 14.08 ரயிலில் திரும்பினேன்’ என்பது அன்றைய பதிவு. ‘யாருடன் கதைத்தேன்’ என்பதற்கு எதிரே கோடு போட்டிருக்கிறேன்.

சவப்பெட்டி பதினான்கு மாதம் தனியறையில் இருந்து, சுகமாகித் திரும்பி வந்தது. மரத்துக்குப் பழுதில்லை. சுத்தம் செய்யும்போது கால்மாட்டை அங்குலம் அங்குலமாகப் படம் பிடித்தார்கள். அதனால் இப்போது விளக்கப் பலகையில் புதிதாக ஒரு வரி உண்டு: குடத்துடன் பாம்புத் தலைப் பெண், கெபெஹுட், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த இளநீர் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த ஒரு வரியும் கிடைத்திராது. இதை அக்காவிடம் சொல்லவேண்டும் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்விக்குறியைப் பற்றி நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார். பெர்மிட் இன்னும் விசாரணையிலை போலை என்றிருப்பார்.

நேற்று மாலை, அரிசிமாப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, அந்த அறிவித்தலை முதல் வரியிலிருந்து கடைசி வரி மட்டும் வாசித்தேன். எங்கள் அறிவித்தல்களில் உறவினர் எல்லோரையும் வரிசைப்படுத்தி, இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவது வழக்கம். தகப்பன், காலஞ்சென்ற. தாய், காலஞ்சென்ற. மூத்த சகோதரி, காலஞ்சென்ற. அடுத்து, தம்பியின் இடத்தில், ஓர் ஆண் பெயர். முன்னால் ஒன்றும் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போன பிழையாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பெறாமகளுக்கு அவர் திருத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்.

வீட்டுக்கு வந்து 2018ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்து, பெப்ரவரி 12ஆம் பக்கத்தில் நிறுத்தினேன். நூதனசாலையின் பதிவுகளில் அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஒழுங்காக வைத்த பதினொரு நாளும் என் முதலெழுத்துகள். பிழைத்த ஒரே ஒரு நாளில் மட்டும் அவர், அதுவும் பெயரில்லாமல். வருங்காலத்தில் யாராவது அந்தக் கோவையைத் திறந்தால், அந்தப் பெண்ணுக்கு அக்கா செய்ததென்று தெரியவருவது பூஞ்சணம் மட்டும்தான்.

நவம்பர் 5, செவ்வாய்க்கிழமை. தேநீர் போடவில்லை. 5.11 ட்ராம். பட்டறை அலுமாரியிலிருந்து 2017–18 கோவையை எடுத்து, கோட்டைக் கழற்றாமல், நின்றபடியே விரித்தேன். நவம்பர் 6, ‘ஊற்றியவர்’: என் முதலெழுத்துகளை வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். கட்டம் சிறியது, அறிவித்தலில் இருந்தபடியே அக்காவின் முழுப் பெயரையும் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் இன்றைய திகதியும் கையொப்பமும் இட்டேன். பிறகு நவம்பர் 13. பிறகு 20. பதினொன்றும் முடிய இருபது நிமிடம் ஆனது. கடைசிப் பக்கத்தின் அடியில், அனுமதித்தது நான், கேட்டபோது தெரியாதென்று மாற்றிச் சொன்னதும் நான் என்று ஜெர்மனில் இரண்டு வரி எழுதினேன். டொக்டர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இப்போதும் எட்டு மணிக்குத்தான் வருவார். மாடிக்குப் போய் அவருடைய மேசையின் நடுவில் கோவையைத் திறந்தபடி வைத்தேன். காற்றில் பக்கம் புரளாமலிருக்க, உடைந்த விளிம்புள்ள அந்தக் குவளையைக் கழுவித் துடைத்து அதன்மேல் வைத்துவிட்டு, கீழே வந்து கோட்டைக் கழற்றினேன்.